தெளிவான பாடம், தெளியாத மாணவர்: ஓர் இயற்பியல் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

1990ஆம் ஆண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அடிப்படை இயற்பியல் வகுப்பு. நியூட்டனின் விதிகளை நடத்தி முடித்த பிறகு பேராசிரியர் எரிக் மசூர் மாணவர்களுக்கு ஒரு சிறு தேர்வு வைக்கிறார். கணக்குப் போட வேண்டியதில்லை, சூத்திரம் தேவையில்லை. பந்து, வண்டி, மோதல் என்று கண்ணால் பார்க்கிற விஷயங்களைப் பற்றிய எளிய கேள்விகள்தான். விடைகளும் கீழேயே இருக்கின்றன. சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்போது ஒரு மாணவர் கேட்கிறார்: "புரொஃபசர், இதற்கெல்லாம் எப்படி விடை எழுதுவது? நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடியா?"

பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். எனக்குத் தைத்தது. அந்த மாணவர் கேலி செய்யவில்லை, சோம்பேறியும் இல்லை. தன் தலைக்குள் இரண்டு இயற்பியல்கள் இருக்கின்றன, தேர்வுக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது ஆசிரியருக்குத்தான்.

அறிவியல், பொறியியல் கல்வியைப் பற்றிய ஆய்வுகளில் மிக அதிகமாகப் பேசப்பட்ட வகுப்புகளில் இது ஒன்று. பேசப்பட்ட அளவுக்கு அதன் விவரங்கள் படிக்கப்படவில்லை என்பது என் எண்ணம். "மாணவர்களைப் பேசவிட்டால் நன்றாகக் கற்பார்கள்" என்று ஒரு வரியில் சுருக்கிவிடுகிறார்கள். அதற்குள் இருக்கிற முக்கியமான விஷயம் வேறு. பாடம் புரிந்தது என்ற உணர்வும் உண்மையில் புரிந்திருப்பதும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அளந்தால்தான் தெரியும். மசூர் அதை அளந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் வேறு சிலர் இன்னொரு விதமாக அளந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல ஆசிரியர் என்ற நம்பிக்கை

மசூர் நெதர்லாந்தில் பிறந்தவர், லேசர் ஆராய்ச்சியாளர். 1984இல் ஹார்வர்டில் ஆசிரியராகச் சேர்ந்து அடிப்படை இயற்பியல் எடுக்கத் தொடங்கினார். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் அல்ல. மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ வேறு அறிவியல் துறைக்கோ போகிறவர்கள். அவரும் நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். குறிப்பு தயாரித்தார், கரும்பலகையில் வரிசையாக விளக்கினார், சோதனைகள் செய்து காட்டினார். பருவ முடிவில் மாணவர்கள் தந்த மதிப்பீடுகள் உயர்வாக இருந்தன. கடினமான கணக்குகளையும் அவர்கள் போட்டார்கள். தான் நல்ல ஆசிரியர் என்று அவர் நம்பியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1990இல் அவர் கையில் சில கட்டுரைகள் கிடைத்தன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனிஸ் இருவரும் 1985இல் எழுதியவை. விசை, இயக்கம் பற்றி மாணவர்கள் மனதில் ஊறிப்போன கருத்துகளை ஒரு தேர்வு மூலம் பாடத்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தார்கள். பாடம் நடத்திய பிறகும் அந்தக் கருத்துகள் பெரிதாக அசையவில்லை. இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. நான்கு பேராசிரியர்கள் நான்கு பாணியில் பாடம் எடுத்திருந்தார்கள். ஒருவர் விளக்கத்தில் கெட்டிக்காரர், ஒருவர் செய்துகாட்டுவதில். மாணவர்களின் முன்னேற்றமோ நால்வரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது ஆசிரியரின் திறமை அந்த அளவுகோலில் தென்படவே இல்லை.

"நம் மாணவர்கள் அப்படி இல்லை" என்றுதான் மசூருக்குத் தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த நினைப்போடுதான் அவர் தேர்வை வைத்தார். கேள்விகள் இந்த வகை: பெரிய சரக்கு லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற மாணவர்கள் "லாரிதான்" என்று எழுதினார்கள். இரண்டு விசைகளும் சமம். கார் நசுங்குவதற்குக் காரணம் அதன் நிறை குறைவு என்பதால் அதே விசைக்கு அதன் வேகம் சடாரென்று மாறுவது. விதியை ஒப்பிக்கிறவருக்கும் லாரியைக் கண்ணால் பார்க்கிறவருக்கும் அறிமுகமே இல்லாதது போல ஒரே மண்டைக்குள் இருவரும் குடியிருக்கிறார்கள்.

மூன்று பல்புகள்

இந்த இடத்தில் மசூர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வைக் குறை சொல்ல வாய்ப்பு இருந்தது. கேள்விகள் தந்திரமானவை, மாணவர்கள் அலட்சியமாக எழுதிவிட்டார்கள் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஆய்வாளர் என்பதால் ஒரு சோதனை வைத்தார். ஒரே தேர்வுத் தாளில், ஒரே பாடப் பகுதியிலிருந்து, இரண்டு கேள்விகள்.

முதல் வகை வழக்கமான கணக்கு. இரண்டு பேட்டரிகளும் சில மின்தடைகளும் கொண்ட சுற்று. குறிப்பிட்ட ஒரு மின்தடையில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு, இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். சுற்றில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எப்படிப் பங்காகும் என்று சொல்லும் கிர்க்காஃப் விதிகளை எழுதி, சமன்பாடுகளைத் தீர்த்து, குறிகளில் கவனமாக இருந்தால் விடை வரும்.

இரண்டாவது, எண்ணே இல்லாத கேள்வி. ஒரு பேட்டரி. ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடர் இணைப்பில். மூன்றாவது பல்புக்குப் பக்க இணைப்பாக ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடினால் முதல் இரண்டு பல்புகளின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? மூன்றாவது பல்பு என்ன ஆகும்? பேட்டரி தரும் மின்னோட்டம்? ஒவ்வொரு பல்பின் மின்னழுத்தம்? மொத்தம் செலவாகும் திறன்?

மின்சுற்று புரிந்தவருக்கு இரண்டாவது கேள்வி வாய்க்கணக்கு. மூடிய சுவிட்ச் மின்தடையே இல்லாத குறுக்கு வழி. மின்னோட்டம் மூன்றாவது பல்பை விட்டுவிட்டு அதன் வழியே போய்விடும்; பல்பு அணையும். மூன்று பல்புகளின் தடைக்குப் பதில் இப்போது இரண்டின் தடைதான். பல்பின் தடை மாறாது என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும். மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் பெற்றுக்கொண்டிருந்த முதல் பல்புக்கு இப்போது பாதி கிடைக்கும், ஆகவே அதன் திறன் 2.25 மடங்கு. மொத்தத் திறன் ஒன்றரை மடங்கு. எந்த இயற்பியல் ஆசிரியரைக் கேட்டாலும் முதல் கணக்குதான் கடினம், இது சும்மா என்பார்.

மாணவர்களின் சராசரி மதிப்பெண், பத்துக்கு: கணக்கில் 6.9, பல்புக் கேள்வியில் 4.9.

தலைகீழ். எப்படி நடக்கும்? கணக்கைத் தீர்க்க ஒரு செய்முறை போதும். சுற்றைப் பார், வளையத்தைத் தேர்ந்தெடு, விதியை எழுது, தீர். சமன்பாட்டில் இருக்கிற எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று நினைக்காமலேயே சரியான விடைக்குப் போய்ச் சேரலாம். பல்புக் கேள்வியில் அந்தப் பாதை இல்லை. "பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம்தான் தரும்" என்ற பரவலான தவறான எண்ணம் மனதில் இருந்தால் அது அங்கே வெளியே வந்துவிடும். கணக்கில் வெளியே வராது. இத்தனை ஆண்டுகள் அவர் மாணவர்களைச் சோதித்ததெல்லாம் கணக்கில்தான். அதனால்தான் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது.

பொறியியல் கற்பிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சுற்றுப் பகுப்பாய்வு, விசைச் சமநிலை, வெப்ப இயக்கவியல் எல்லாமே செய்முறையாக மாற்றிக்கொள்ள வசதியான பாடங்கள். செய்முறை தவறு என்று சொல்லவில்லை. பொறியாளர் பிழைப்பதே அதில்தான். ஆனால் விடை எண் வந்த பிறகு "இது சரியாக இருக்க முடியுமா?" என்று கேட்கத் தெரியாத பொறியாளரிடம் ஒரு பாலத்தை ஒப்படைக்க யாருக்கு மனம் வரும்?

தற்செயலாகக் கிடைத்த வழி

தேர்வுக்குப் பிறகு மாணவர்களுக்குக் குழப்பமான ஒரு கேள்வியை மசூர் வகுப்பில் விளக்கப் பார்த்தார். ஒரு விதமாகச் சொன்னார், புரியவில்லை. இன்னொரு விதமாகச் சொன்னார், முகங்கள் மாறவில்லை. கடைசியில் கையை விரித்து, "சரி, நீங்களே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்றார். அரங்கமே இரைச்சலானது. சில நிமிடங்களில் அவர்களே விடைக்கு வந்துவிட்டார்கள் என்று அவர் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

காரணமாக அவர் சொல்வது எளிமையானது. நேற்றுத்தான் ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, அதில் எங்கே சிக்கும் என்பது இன்னும் நினைவில் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும். நன்றாகத் தெரிந்திருப்பதே சொல்லிக்கொடுக்கத் தடையாகிறது.

இதிலிருந்து அவர் கட்டியெழுப்பிய முறைக்கு "பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று பெயர், சகமாணவர் வழிக் கற்றல் எனலாம். பாடத்தை மாணவர்கள் வகுப்புக்கு முன்பே படித்துவிட்டு வர வேண்டும். படித்தார்களா என்று பார்க்கச் சிறு கேள்விகள் உண்டு, அவற்றில் ஒன்று "படித்ததில் உங்களைக் குழப்பியது எது?" என்பது. வகுப்பில் சில நிமிடம் விளக்கம், பிறகு ஒரு கருத்துக் கேள்வி. ஒன்றிரண்டு நிமிடம் யாரோடும் பேசாமல் தனியாக யோசித்து ஒவ்வொருவரும் ஒரு விடையைப் பதிய வேண்டும். ஆரம்பத்தில் கையைத் தூக்குவது, அட்டையைக் காட்டுவது. பிறகு கிளிக்கர் என்ற கையடக்கக் கருவி. சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 35 முதல் 70 சதவீதம் வரை இருந்தால்தான் அடுத்த கட்டம்: வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடி, உங்கள் காரணத்தைச் சொல்லி அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள். அப்புறம் மறுபடி வாக்கு, கடைசியில் ஆசிரியரின் விளக்கம். 35க்குக் கீழே இருந்தால் பேசிப் பயனில்லை, ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் நேரத்தை வீணாக்காமல் மேலே போகலாம்.

இந்த எல்லைகளை விட்டுவிட்டுத்தான் பலரும் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். விட்டால் மிஞ்சுவது வெறும் அரட்டை.

நல்ல கருத்துக் கேள்வி எப்படி இருக்கும்? மசூர் தன் உரைகளில் அடிக்கடி கேட்கும் ஒன்று: நடுவில் வட்டத் துளை உள்ள ஓர் உலோகத் தகட்டைச் சீராகச் சூடாக்குகிறோம். துளை பெரிதாகுமா, சிறிதாகுமா, அப்படியே இருக்குமா? படிக்கிற நீங்களும் ஒரு விடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் விரியும்; எல்லாப் பக்கமும் விரியும்; ஆகவே துளைக்குள்ளும் விரிந்து அதை நெருக்கும் என்று பலர் சொல்வார்கள். துளை பெரிதாகும் என்பதே சரி. துளையின் விளிம்பில் சுற்றி நிற்கும் அணுக்களை நினைத்துப் பாருங்கள். சூடானதும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்து அணுவுக்கும் இடையே உள்ள தூரம் கூட வேண்டும். வட்டமாகக் கைகோத்து நிற்கிறவர்கள் எல்லோரும் கையை இன்னும் நீட்டினால் வட்டம் பெரிதாகத்தானே ஆகும்? இறுகிப்போன பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டித் திறப்பதும் இதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டியது: விடையை நான் உடனே சொல்லியிருந்தால் "ஓ, அப்படியா" என்று தாண்டிப் போயிருப்பீர்கள். ஒரு விடையைப் பிடித்துக்கொண்ட பிறகு கேட்கும்போது அது உங்கள் பிரச்சினையாகிவிடுகிறது. முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்வதுதான் இந்த முறையின் எஞ்சின். பேச்சு அதற்கு அடுத்ததுதான்.

எண்கள், அவற்றின் ஓட்டைகள்

1992இல் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் பழைய தேர்வைச் செம்மைப்படுத்தி விசைக் கருத்துத் தேர்வை வெளியிட்டார்கள். இன்று இயற்பியல் கல்வி ஆய்வில் மிக அதிகமாகப் பயன்படும் அளவுகோல் அதுதான். முன்னேற்றத்தைக் கணக்கிட ஒரு வழக்கம் உண்டு. பாடத்துக்கு முன் ஒரு வகுப்பு 70 சதவீதம் எடுத்தால் மீதி இருப்பது 30. பாடத்துக்குப் பின் 85 எடுத்தால் அந்த முப்பதில் பாதியைப் பிடித்துவிட்டது, முன்னேற்றம் 0.5. அவ்வளவுதான்.

மசூரும் கேத்தரின் கிரௌச்சும் பத்து ஆண்டு அனுபவத்தை 2001இல் வெளியிட்டார்கள். 1990இல் வழக்கமான விரிவுரை: முன்னேற்றம் 0.25. அடுத்த ஆண்டு புதிய முறை: 0.49. அதன்பின் படிப்படியாக ஏறி 1997இல் 0.74. வெறும் கருத்துக் கேள்வியில் மட்டும் தேறி கணக்கில் கோட்டை விட்டார்களா என்ற சந்தேகம் வரும். அதற்கும் ஒரு சோதனை செய்தார்கள். 1985ஆம் ஆண்டின் கணக்குத் தேர்வுத் தாளையே 1991 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பழைய மாணவர்களின் சராசரி 63, புதியவர்கள் 69. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டும் நேரத்தைக் குறைத்த பிறகும் அப்படி.

இன்னொரு வரிசை எனக்கு இதைவிடச் சுவையானது. நுண்கணிதம் தேவைப்படாத வேறொரு அடிப்படைப் பாடத்தில் 1998இல் இந்த முறை, முன்னேற்றம் 0.50. 1999இல் வேறொரு ஆசிரியர் விரிவுரை முறையில் எடுத்தார்: 0.40. 2000இல் மறுபடி இந்த முறை: 0.63. ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய கோடு.

சரி, இப்போது ஓட்டைகள். முதலாவது, 1990ஐயும் 1997ஐயும் ஒப்பிடும்போது ஏழு ஆண்டுகளில் எல்லாமே மாறியிருக்கிறது. ஆசிரியருக்கு அனுபவம் கூடியது. கேள்விகள் மெருகேறின. பாடநூலும், சிறு குழு வகுப்புகள் நடந்த விதமும் இடையில் மாறின. 0.74 முழுவதையும் பக்கத்து மாணவரோடு பேசியதன் கணக்கில் எழுத முடியாது. ஆய்வாளர்களும் அப்படி எழுதவில்லை. நம்பத் தகுந்தது முதல் ஆண்டின் தாவல்தான், 0.25இலிருந்து 0.49. இரண்டாவது, ஹார்வர்டு மாணவர்கள் தொடங்கும்போதே 70 சதவீதம் எடுப்பவர்கள். இது எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

இரண்டாவது கேள்விக்கு ரிச்சர்ட் ஹேக் 1998இல் பதில் தந்தார். 62 பாடப்பிரிவுகள், 6,542 மாணவர்கள். வழக்கமான 14 பிரிவுகளில் சராசரி முன்னேற்றம் 0.23. மாணவர்கள் கையும் மூளையுமாக ஈடுபட்டு உடனுக்குடன் பின்னூட்டம் பெற்ற 48 பிரிவுகளில் 0.48. மசூரின் 1990, 1991 எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அச்சு ஒன்றுதான். ஆனால் அந்த 48 பிரிவுகளுக்குள் ஏற்ற இறக்கம் அதிகம். சில பிரிவுகள் விரிவுரை வகுப்புகளைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. முறையின் பெயர் மட்டும் போதாது.

கெட்டிக்காரரைப் பார்த்து எழுதுகிறார்களா?

எல்லா ஆசிரியர்களும் முதலில் கேட்பது இது. பேசிய பிறகு சரியான விடை கூடுகிறது என்றால், தெரிந்த ஒருவர் சொல்ல மற்றவர்கள் பொத்தானை அழுத்தியிருக்கலாமே?

கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிச்செல் ஸ்மித்தும் சகாக்களும் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு கேள்வி, தனியாகப் பதில். பேசிய பிறகு அதே கேள்விக்கு மறுபடி பதில். சரியான விடை எதுவென்று சொல்லாமல், அதே கருத்தை வேறு வேடத்தில் கேட்கும் இரண்டாவது கேள்வி. அதற்கு யாரோடும் பேசாமல் தனியாகப் பதில். முதலில் சரி 52 சதவீதம், பேசிய பின் 68, புதிய கேள்வியில் தனியாக 73. பார்த்து எழுதியிருந்தால் மூன்றாவது எண் சரிந்திருக்க வேண்டும். விடை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத குழுக்களிலும் சிலர் பேசியே சரியான இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் மிக அழகான பகுதி.

செய்து காட்டும் சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் நடக்கும் சோதனை என்றால் மாணவர்களுக்கு உற்சாகம்; ஆசிரியருக்கும்தான். கிரௌச், மசூர் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு அந்த உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றியது. பின்னர் அதே சூழ்நிலையைக் கொடுத்து என்ன நடக்கும் என்று கேட்டபோது, சோதனையைப் பார்க்காதவர்களில் 61 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பார்த்தவர்களில் 70, பார்ப்பதற்கு முன் விடையை ஊகித்துப் பதிந்தவர்களில் 77, ஊகித்து, பார்த்து, பேசியவர்களில் 82. ஏன் என்று விளக்கச் சொன்னபோது கதை இன்னும் கசப்பு. பார்க்காதவர்கள் 22, சும்மா பார்த்தவர்கள் 24. இரண்டு சதவீத வித்தியாசத்துக்காக எத்தனை ஆசிரியர்கள் எத்தனை கருவிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போகிறார்கள்! ஊகிக்க வைப்பதற்கு ஆகும் கூடுதல் நேரமோ ஓரிரு நிமிடம்தான்.

வான்கூவரில் ஒரு வாரம்

ஹார்வர்டு எண்களில் இருந்த பெரிய குறை, அதே நேரத்தில் ஒப்பிட ஒரு வகுப்பு இல்லாதது. அதை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூயி டெஸ்லோரியே, எலன் ஷெலூ, நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு நிரப்பியது. முதலாண்டு பொறியியல் மாணவர்கள், இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 270 பேர். பதினோரு வாரம் இரண்டுக்கும் விரிவுரை. பன்னிரண்டாம் வாரம், மின்காந்த அலைகள் பாடம், ஒரு பிரிவை அனுபவமும் நல்ல மதிப்பீடும் உள்ள பேராசிரியர் வழக்கம்போல எடுத்தார். இன்னொன்றைக் கற்பித்தலில் அவ்வளவு அனுபவம் இல்லாத டெஸ்லோரியே கேள்வி, விவாதம், உடனடிப் பின்னூட்டம் என்று எடுத்தார். மூன்றே மணி நேர வகுப்பு. பிறகு நடந்த தேர்வில் முதல் பிரிவு 41 சதவீதம், இரண்டாவது 74. குருட்டாம்போக்கில் எழுதினாலே 23 வரும் தேர்வு அது.

ஒரு வாரப் புதுமை, ஆய்வு செய்கிறவரே பாடம் எடுத்தது, பாடம் முடிந்த சூட்டோடு வைத்த தேர்வு என்று இதற்கும் குறைகள் சொல்லப்பட்டன. நியாயமான குறைகள். ஆனாலும் 41க்கும் 74க்கும் நடுவில் உள்ள பள்ளத்தை இவற்றைப் போட்டு மட்டும் மூடிவிட முடியாது.

கைகூடாத இடங்கள்

2006இல் மசூர் குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. ஊடாட்டம் அதிகமாக இருந்த வகுப்புகளில் விசைக் கருத்துத் தேர்வில் ஆண், பெண் மாணவர்களுக்கு இடையே இருந்த இடைவெளி சுருங்கியது என்று. உற்சாகம் பரவியது. அடுத்த ஆண்டே கொலராடோவிலிருந்து வந்த ஆய்வு, ஊடாட்ட வகுப்புகளிலும் இடைவெளி அப்படியே நிற்கிறது என்றது. மாணவர்களின் முன்தயாரிப்பு, குழு எப்படி அமைகிறது, யார் பேசுகிறார்கள் என்று பல விஷயங்கள் உள்ளே புகுந்துகொள்கின்றன. பேச்சு என்றாலே சமத்துவம் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். உரத்த குரல் உள்ளவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு கதை உண்டு. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்கள் 722 பேரிடம் நடத்திய ஆய்வை ஹெண்டர்சனும் சகாக்களும் 2012இல் வெளியிட்டார்கள். ஆய்வில் தேறிய ஏதாவது ஒரு புதிய முறையை முயன்று பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிறகு கைவிட்டுவிட்டார். முறை தெரியாதது சிக்கல் இல்லை, தொடர்வதுதான் சிக்கல். எனக்கு இது வியப்பாக இல்லை. நானே முதல் முறை ஒரு கருத்துக் கேள்வி கேட்டபோது, பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் "பேசுங்கள்" என்றேன். பேசினார்கள். மறு வாக்கில் தவறான விடை இன்னும் உறுதியாக நின்றது. 35 சதவீத எல்லை எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்படி இரண்டு வகுப்பு நடந்தால் யாருக்கும் பழைய குறிப்பு நோட்டு கண்ணில் தெரியும்.

கைவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மாணவர்களின் முணுமுணுப்பு. "சொல்லிக்கொடுக்கத்தானே சம்பளம், ஏன் எங்களையே சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்?" இதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிடுவது சுலபம். 2019இல் வந்த ஆய்வு அப்படித் தள்ள முடியாது என்று காட்டியது.

உணர்வை அளந்தவர்கள்

மறுபடி ஹார்வர்டு, மறுபடி அடிப்படை இயற்பியல். வான்கூவர் ஆய்வைச் செய்த அதே டெஸ்லோரியே இப்போது இங்கே. அவரும் சகாக்களும் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நிலையியல் பாடத்தை ஒரு குழுவுக்குத் திறமையான விரிவுரையாகவும் மற்றதற்குச் செயல்வழி வகுப்பாகவும் நடத்தினார்கள். அடுத்து பாய்மங்கள் பாடத்தில் குழுக்களை மாற்றினார்கள். ஆகவே ஒவ்வொரு மாணவரும் இரண்டையும் அனுபவித்தார். கையில் கொடுத்த தாள்கள், கணக்குகள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம்: விரிவுரைக் குழுவுக்கு ஆசிரியர் தீர்த்துக் காட்டினார், மற்ற குழு முதலில் தானே முட்டி மோதியது.

வகுப்பு முடிந்ததும் இரண்டு விஷயங்களை அளந்தார்கள். எவ்வளவு கற்றாய் என்று ஒரு தேர்வு; எவ்வளவு கற்றதாக உணர்கிறாய் என்று ஒரு வினாத்தாள். தேர்வில் செயல்வழி வகுப்பு வென்றது. உணர்வில் விரிவுரை வென்றது. அதிகம் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள், குறைவாகக் கற்றவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள்.

ஏன் என்று யோசித்தால் விடை வெகு தூரத்தில் இல்லை. நன்றாகப் பேசுகிற ஒருவர் ஒரு கணக்கை வழுக்கிக்கொண்டு போவது போலத் தீர்க்கும்போது, அந்த வழுக்கல் நமக்குள்ளும் நடப்பதாகத் தோன்றுகிறது. தானே முட்டி நிற்கும்போதோ ஒவ்வொரு தடங்கலும் "எனக்கு இது வராது" என்று காதில் சொல்கிறது. முட்டிக்கொள்வதுதான் கற்பது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. புதிதாக ஒன்றில் நுழைகிறவருக்குத் தனக்கு எது தெரியாது என்று கணிக்கும் திறமையும் இன்னும் வந்திருக்காது.

அந்த ஆய்வாளர்கள் இதை மாணவர்களிடம் மறைக்கவில்லை. பிறகு ஒரு பருவத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் ஒதுக்கி, இந்த முடிவுகளையே மாணவர்களுக்குக் காட்டினார்கள். முட்டும், எரிச்சல் வரும், அந்த நேரத்தில் குறைவாகக் கற்பதாகத் தோன்றும், ஆனால் தேர்வு வேறு சொல்லும் என்று எண்களோடு சொன்னார்கள். பருவ முடிவில் பெரும்பாலான மாணவர்களின் அபிப்பிராயம் செயல்வழி வகுப்பின் பக்கம் நகர்ந்திருந்தது. என் வகுப்பிலும் இப்போது முதல் நாள் பாடம் இல்லை. மூன்று பல்புகளும் ஒரு சுவிட்சும்தான். எல்லோரும் ஒரு விடையைப் பதிந்த பிறகு சுவிட்சை மூடுகிறேன்.

மசூரின் 1980களின் வகுப்புக்குத் திரும்பிப் போனால், அங்கே மாணவர்கள் கொடுத்த உயர்ந்த மதிப்பீடுகள் பொய் இல்லை. அவர்கள் உணர்ந்ததைத்தான் எழுதினார்கள். பல பல்கலைக்கழகங்கள் இன்றும் ஆசிரியரின் பதவி உயர்வுக்கு எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.